முங்குகூலியில் டி.டி.எஸ்.

கிழக்கு வெளுக்கும் முன்பே திரேஸ்புரம் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வள்ளத்தில் விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். கேபிள் சுருள் தோளை அறுத்தது. உப்புத் தண்ணீர் அந்தக் காயத்தைத் தேடிப் போய் எரித்தது. அது பதினோராவது நாள், கடைசி நாள்.

டி.வி.க்கு முத்துக்குளிப்பு பற்றி நிகழ்ச்சி எடுத்தார்கள். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருசம் ஆயிற்று. ஆகையால் சென்னையிலேயே முத்தைப் பசை போட்டு ஒட்டி ஒரு சிப்பியைக் கொண்டுவந்திருந்தார்கள். அதைக் கடலடியில் வைப்பதும், முங்கி எடுப்பதும் ஜெஸ்டின். என் தங்கை மகன், சங்கு குளிக்கிறவன்.

நானும் பழைய குளியாள்தான். ஒரு எலக்சன் அன்று காலையில் முங்கினேன். ஏறி வருவதற்குள் வாக்குப்பதிவு முடிந்து பெட்டிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். என் ஓட்டையும் யாரோ போட்டிருந்தார்கள். இப்போது வள்ளம் ஓட்டுவதோடு சரி.

அந்த ஒரே சிப்பியை ஜெஸ்டின் நாற்பத்தோரு தடவை எடுத்தான். ஒன்பதாம் நாள் காதிலிருந்து ரத்தம் வந்தது. “துடைச்சிட்டு இன்னொரு தடவை போயிடலாம்” என்றார் டைரக்டர். காது ஜவ்வு கிழிந்துவிட்டது, ஒரு மாசம் முங்கக் கூடாது என்றார் டாக்டர். அந்த ஒரு மாசத்துக்கு அவன் வீட்டில் உலை வைக்க இந்தக் கூலிதான்.

அந்தக் கூலியில்தான் கை வைத்தார்கள். ஐந்தாம் நாள் சம்பளத்தில் எல்லாருக்கும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் சிவப்பிரகாஷ், “டி.டி.எஸ். பிடிச்சிருக்கோம்” என்றார்.

எங்கள் ஊரில் டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் இருக்கும் உப்பு. கேன் தண்ணீர் போடுகிறவன் மீட்டரை முக்கி நம்பர் சொல்வான். சரி, குடித்த தண்ணீருக்குத்தான் பிடிக்கிறார்கள் என்று, மறுநாள் முதல் ஆளுக்கொரு பாட்டில் வீட்டிலிருந்து கொண்டுபோனோம். கேன் பக்கம் போனவனைச் சமையல்காரி பேச்சிச்செல்வி கரண்டியால் விரட்டினாள். பத்தாம் நாள் சாயங்காலம் மேனேஜர் அடுத்த கணக்கை வாசித்தார். கடைசி ஷாட் முடிந்ததும் தருவாராம். அதிலும் ஐந்தில் ஒன்று காணோம்.

பேச்சிச்செல்வி ஆடிட்டர் ஆபீசில் பெருக்கப் போகிறவள். அங்கே வேலை பார்க்கும் யுஸ்ராவிடம் அன்று ராத்திரியே கேட்டுவிட்டு வந்தாள். அது வருமான வரியாம். நிகழ்ச்சி எடுத்துக் கொடுக்கிற கம்பெனிக்குச் சேனல் பணம் தரும்போது பிடிப்பது. எங்களைப் போன்ற சில்லறைக் கூலிக்குப் பிடிக்கவே கூடாதாம்.

விளக்கெல்லாம் ஏறியதும் மேனேஜரிடம் போய்க் கேட்டோம்.

“சேனல் எங்களுக்குப் பிடிக்கிறான். அதை நாங்க யார் தலையில கட்டுறது?”

“உங்களுக்கு எவ்வளவு பிடிக்கான்?” என்றாள் பேச்சிச்செல்வி.

“ரெண்டு பர்சென்ட்.”

“ரெண்டு முங்கி, இருபதா ஏறி வருதாக்கும்?”

“பான் கார்டு இல்லாட்டி இருபதும்மா. ரூல்.”

“எனக்கு இருக்குல்லா? மொத நாளே ஜெராக்ஸ் தந்தேன்லா?”

“கவர்மென்ட்டுக்குக் கட்டிடுவோம். மூணு மாசம் கழிச்சு உன் பேர்ல ஏறியிருக்கான்னு பாரு.”

“மூணு மாசம் கழிச்சு உம்மள எங்கன போய்ப் பாக்க?”

அவர் என் பக்கம் திரும்பினார். “பெரியவரே, இன்னைக்கு அந்தப் பையன் முங்கலேன்னா யாருக்கும் மீதிப் பணம் கிடையாது. சொல்லிட்டேன்.”

ஜெஸ்டின் அதற்குள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றான். காதில் பஞ்சு. பேசியது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வள்ளத்து எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். பேச்சிச்செல்வி அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேபிள் தூக்கினவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

“கீழக்கரையில ஆள் இருக்கு! ஒரு போன் போட்டா வந்துடுவான்!” என்று கத்தினார் மேனேஜர்.

“போடும்” என்றேன். “வாரவன் மொதல்ல எங்களத்தான் பாப்பான்.”

அவர் போனை எடுத்தார். அந்த ஆள் வரவும் கூடும். கடலுக்கும் பசிக்கும் இந்தக் கரை நெடுக ஆள் உண்டு.

வள்ளத்திலிருந்து ஒருவன் குதித்து வந்தான். சென்னை யூனிட் லைட்மேன் சுந்தர்சிங், பிறந்த ஊர் எங்கள் பக்கம்தான்.

“எங்களுக்கும் பத்து பிடிக்காங்க அண்ணாச்சி. டெக்னிக்கல் ஆளுன்னு சொன்னாங்க. நாங்க அத மரியாதைன்னுல்லா நெனச்சோம். கொஞ்சம் தள்ளுங்க.”

தள்ளினேன். உட்கார்ந்தான்.

ஜெஸ்டின் திரும்பிப் பார்த்தான்.

“என்ன மாமா, சாப்பாடா?” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

பேச்சிச்செல்வி பக்கத்து மணலைத் தட்டிக் காட்டினாள். அவன் மேனேஜரைப் பார்த்தான். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தான். பிறகு ஈரக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். கரையேறி வந்தவனுக்குச் சுந்தர்சிங் இடம் விட்டான்.

மேனேஜர் இன்னும் போனில்தான் இருந்தார். வள்ளத்திலிருந்து மேலும் இரண்டு பேர் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.