முத்துத்தாயின் பழைய ஸ்கேன்

காலை ஒன்பதரை மணிக்கு ரோகிணி டாக்டரிடமிருந்து மூன்றாவது தடவையாக போன் வந்தபோது ரூத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதைக் காதில் வைத்தாள்.

“பதினோரு மணிக்கு அந்தம்மாவை தியேட்டருக்குள்ள கொண்டு போகணும் ரூத். ரெண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்த ஸ்கேனைப் பாக்காம நான் எப்படிக் கத்தியை எடுக்குறது?”

“பாத்துட்டே இருக்கேன் மேடம். வந்துரும்.”

வந்துவிடும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கும் அந்த மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் அத்தனையையும் வைத்திருக்கும் சேமிப்பகம் அவள் பொறுப்பு. புதிய படங்கள் உடனே திறந்தன. ஓராண்டுக்கு முந்தியவற்றைத் தேடி எடுத்துத் தருவதற்குத் தனியாக ஒரு நிர்வாக சர்வர் உண்டு. அதற்குள் சர்வீஸ்கள் என்று பதினொரு சின்ன நிரல்கள் யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும். இன்று அவற்றில் ஒன்பது நின்றுபோயிருந்தன. டாக்டர் கேட்ட படம் பேரையூரிலிருந்து வந்த முத்துத்தாயினுடையது. தலைக்குள் கட்டி.

கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் பீமாராவ் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சர்வரை மொத்தமா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருவமா?”

“வேண்டாம்ணே. பேக்கப் ஓடிட்டு இருக்கு, முக்கால்வாசி முடிஞ்சிருச்சு. இப்ப அணைச்சா அம்புட்டும் வீணாப் போயிரும். ஒவ்வொண்ணா எழுப்பிப் பாக்குறேன்.”

முதலில் டேட்டாபேஸ் சர்வீஸ். மற்றவை எழுந்ததும் அதைத்தான் தேடும். அது பத்து விநாடி ஓடிவிட்டு நின்றது. மறுபடி தொடங்கினாள், மறுபடி நின்றது. மூன்றாம் தடவை பட்டனை அழுத்தப் போனவள் கையை எடுத்துவிட்டு, நடப்பதையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் லாக் பதிவைத் திறந்து படித்தாள். கடைசி வரியில் காரணம் இருந்தது. டிரைவில் எழுத இடமில்லை.

இடத்தைத் தின்றது எது என்று பார்த்தாள்: அந்த லாக்கேதான். போன வியாழக்கிழமை சர்வர் மந்தமாக இருந்ததால், காரணம் பிடிக்க எல்லா விவரத்தையும் லாக்கில் எழுதும்படி மாற்றி வைத்தவள் அவளேதான். மறுநாள் பரவையில் சித்தி வீட்டு விசேஷம். லீவில் போனவள் அதைத் திரும்ப மாற்ற மறந்தே போனாள்.

“அண்ணே, இது நான் பண்ணுன தப்பு” என்று நடந்ததைச் சொன்னாள்.

பீமாராவ் திரையில் அந்த லாக்கின் அளவைப் பார்த்தார். “சரி, அதைப் பிறகு பேசுவோம். அந்த லாக்கை என்ன செய்யப் போற?”

“அழிக்கலண்ணே. வேற டிரைவுக்கு மாத்துறேன்.”

மாற்றி முடிய இருபது நிமிடம் ஆனது. லாக் அமைப்பைப் பழையபடி வைத்தாள். டேட்டாபேஸைத் தொடங்கிவிட்டு, அது நிலைத்து நிற்கிறதா என்று இரண்டு நிமிடம் காத்திருந்தாள். நின்றது. பிறகு மற்ற எட்டையும் வரிசைப்படி ஒவ்வொன்றாக எழுப்பினாள். திரையில் பதினொன்றின் விளக்கும் பச்சையாயின.

“டாக்டருக்குச் சொல்லிரவா?” என்றார் பீமாராவ்.

“இருங்கண்ணே. பச்சையா இருந்தா மட்டும் போதாது.” ஏதோ ஒரு பழைய எக்ஸ்ரேயைக் கேட்டுப் பார்த்தாள். ஏழு விநாடியில் திறந்தது. அதன்பிறகுதான் முத்துத்தாயின் எண்ணைத் தட்டினாள். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மணி பத்து நாற்பது.

கால் மணி நேரத்தில் ரோகிணி டாக்டரே கூப்பிட்டார். குரல் லேசாகியிருந்தது. “ரெண்டு வருஷமா அந்தக் கட்டி துளிகூட வளரல ரூத். இன்னைக்குக் கத்தி வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன்.”

ரூத் போனை வைத்துவிட்டு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். அழவில்லை, மூச்சை இழுத்துவிடத்தான் அவ்வளவு நேரம் ஆனது.

“டிரைவு எண்பது சதவீதம் நிறைஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் மெசேஜ் வர்ற மாதிரி வச்சிரு” என்றார் பீமாராவ். “அதை நான் போன வருஷமே செஞ்சிருக்கணும். போ, போயி ஏதாச்சும் சாப்பிடு.”

வராந்தாவில் ஆபரேஷன் கவுனோடு ஒரு பெண் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் கணவர் போனில், “முத்துத்தாயிக்கு ஆபரேஷன் இல்லையாம்டா! சாயங்காலம் பேரையூருக்கு வாரோம்” என்று கத்திக்கொண்டிருந்தார். ரூத்தின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து அந்தப் பெண் கிட்டே வந்தார்.

“ஏத்தா, நேத்து ராத்திரியில இருந்து பட்டினி. இனித் திங்கலாம்னுட்டாக. கேண்டீன் எந்தப் பக்கம்?”

“வாங்கக்கா, நானும் அங்கதான் போறேன்” என்றாள் ரூத்.