தியாகி, ஜூனியர் பி.எஸ்ஸி.

மாதுங்காவில் கிங் சர்க்கிளுக்குப் பின்னால் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டிடத்தில் அனந்தகிருஷ்ணனைத் தியாகி என்று சொல்லாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி அவன் தங்கை விஜயலக்ஷ்மி. அவளுக்கு அண்ணனை மதித்துப் பழக்கமில்லை. இன்னொருவன் அனந்தகிருஷ்ணனே.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டதும் பம்பாய் முழுக்க மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்களே, அப்போது ஆரம்பித்த வினை இது. ஜூனியர் பி.எஸ்ஸி. பௌதிக வகுப்பில் முதலில் எழுந்து நின்றவன் அதே கட்டிடத்து மகாதேவன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனந்து இரண்டாவது. மகாதேவன் தேசத்துக்காக எழுந்தான். அனந்து, அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தோம் என்று எழுந்தான்.

ஏனென்றால் ஜூலையிலேயே படிப்பு அவனை விட்டுப் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த பையன், இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. சோதனைச்சாலையில் ஒரு நாள் தராசில் எதையோ நிறுத்துக்கொண்டிருந்தவனுக்கு, இதன் எடை எவ்வளவாக இருந்தால் எனக்கென்ன என்று தோன்றிவிட்டது. அதற்கப்புறம் ஒரு வரி உள்ளே போகவில்லை. புத்தகத்தைத் திறப்பான், பக்கத்தைப் பார்ப்பான், மூடுவான். காய்ச்சலாக இருந்தால் அம்மா கஷாயமாவது வைத்துக் கொடுப்பாள். இதற்கு யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

மாதங்கள் போயின. வெளியே வந்த பையன்களெல்லாம் ஒருத்தர் பின் ஒருத்தராகக் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார்கள். மகாதேவன் துண்டுப் பிரசுரம் விநியோகித்து மாட்டிக்கொண்டு எரவாடா சிறைக்குப் போனான். அனந்து மட்டும் வீட்டில் இருந்தான். ஏன் இருக்கிறான் என்று மேல் மாடி வாலாம்பாள் மாமி மாடிப்படியில் நிறுத்திக் கேட்டபோது, அவன் அம்மா சுப்புலக்ஷ்மி கொஞ்சமும் தயங்கவில்லை.

"எல்லாப் பையன்களும் பயந்துண்டு திரும்பிப் போயிட்டா. எங்க அனந்து மாத்திரம் மாட்டேன்னுட்டான். சுயராஜ்யம் வந்தாத்தான் காலேஜ் வாசலை மிதிப்பானாம்."

அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதேயில்லை. பாவம், அவளும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தன் பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அவள் புத்திக்கு எட்டிய காரணம் அது ஒன்றுதான். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அனந்து, வெளியே வந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கேதான் வகையாக மாட்டிக்கொண்டான்.

மறுநாளே அவனுக்குக் கதர் வந்தது. அதற்கடுத்த வாரம் வாலாம்பாள் மாமி தன் மாதர் நூற்பு சங்கத்துக்கு அவனைக் காரியதரிசி ஆக்கினாள். தினமும் பகலில் எட்டு மாமிகளுக்கு நடுவில் ராட்டையோடு உட்கார வேண்டும். அவன் இழுத்தால் நூல் அறுந்துவிடும், அறுந்த நூலை மாமிகள் பக்தியோடு முடி போட்டுக் கொடுப்பார்கள். ரேஷன் வந்த பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது. அரிசி வாங்கப் போனால் வரிசையில் நிற்க விடமாட்டார்கள். "தியாகி வந்திருக்கார், வழி விடுங்கோ" என்று முன்னால் தள்ளிவிடுவார்கள். மானம் கெட்டுப்போய் அரிசி வாங்கிக்கொண்டு வருவான்.

அவன் அப்பா ஜம்புநாதனுக்கு ரயில்வே ஆபீசில் உத்தியோகம். பிள்ளையால் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இரண்டு அறை வீட்டில் பேசாமல் இருப்பது லேசான காரியமா? குளிக்கப் போகும்போது இவன் எதிரில் வந்தால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நகர்ந்து போவார்.

இதிலும் ஒரு கொடுமை நடந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், இன்டர் படித்துக்கொண்டிருந்த விஜி ஒரு கணக்கைக் கொண்டுவந்து போட்டாள். பிரிஸத்தில் ஒளி எவ்வளவு வளையும் என்ற கணக்கு. வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினான். வாங்கியவன் கீழே வைக்கவில்லை. ஒரு வழியில் போட்டான், இன்னொரு வழியில் போட்டான், பிரிஸத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று அதையும் போட்டான்.

"போறும்டா, போறும். எனக்கு அவ்வளவு மார்க் வேண்டாம்" என்று விஜி தாளைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

கை வெறுமையாக உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்துவிட்டது. போன வழி தெரியாமல் போன ஆசை, வந்த வழி தெரியாமல் வந்திருந்தது. படிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் எப்படிப் போவது? போனால் வெள்ளைக்காரனுக்குப் பயந்து பணிந்தவன் என்பார்கள். அம்மா தலை நிமிர்ந்து மாடிப்படி ஏற முடியாது. ஒரு வருஷம் அந்த ஆசையை வைத்துக்கொண்டு நூல் நூற்றான்.

நாற்பத்துநான்கு மே மாதம் மகாதேவன் விடுதலையாகி, நேரே அனந்துவைப் பார்க்க வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"ஜூன்ல காலேஜ்ல திரும்பச் சேரப் போறேன்டா. உள்ளே இருக்கறச்சே எனக்கு எது ஞாபகம் வரும் தெரியுமோ? லாபரேட்டரில அந்த ஸ்பிரிட் நாத்தம். சிரிக்காதே."

அனந்து சிரிக்கவில்லை. வயிறு எரிந்தது. மகாதேவனுக்கு ஜெயில் இருந்தது, அவன் எங்கே வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். அனந்துவுக்குப் படிக்காமல் இருப்பது ஒன்றுதான் இருந்தது. அதையும் விட்டால் அவன் யார்?

"எனக்கு உன் உறுதி கிடையாதுடா" என்று மகாதேவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கம்மா ஜெயிலுக்குப் பார்க்க வரச்சே எல்லாம் சொல்லுவா, அனந்து இன்னும் போகல்லைன்னு. அது எனக்கு எவ்வளவு பலமா இருந்தது தெரியுமோ?"

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அனந்துவுக்கு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டிடத்து மொட்டை மாடியில் மகாதேவனுக்கு வரவேற்பு. இரண்டு மாலை வாங்கியிருந்தார்கள். ஒன்று மகாதேவனுக்கு, இன்னொன்று யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. மாமிகள், குழந்தைகள், லீவு நாளாக வீட்டில் இருந்த மாமாக்கள் எல்லாரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜம்புநாதன் மட்டும் வரவில்லை. மாலையைக் கண்டதும் அனந்து எழுந்து நின்றான். எதற்கும் துணிந்துவிட்டான்.

"எனக்கு மாலை வேண்டாம். நான் தேசத்துக்காகப் படிப்பை விடல்லை. அதுக்கு முன்னாடியே எனக்குப் படிப்பு பிடிக்காமப் போயிடுத்து. ஸ்டிரைக் வந்தது, எழுந்து வந்துட்டேன். அவ்வளவுதான்."

மாமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாலாம்பாள் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பார்த்தேளா? ஜெயிலுக்குப் போனவன் பக்கத்துல நிக்கறோமேன்னு தன்னை எப்படித் தாழ்த்திக்கறான் பாருங்கோ. இந்த அடக்கம் யாருக்கு வரும்?"

கைதட்டல் மாடியை அதிர வைத்தது. "நிஜமாத்தான் சொல்றேன், எனக்குத் திரும்பப் படிக்கணும்" என்று அவன் சொன்னது அவனுக்கே கேட்கவில்லை. மகாதேவனே மாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டான். சுப்புலக்ஷ்மியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெற்ற வயிறு குளிர்ந்து போய் உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லி இப்படித் தண்டனை அனுபவித்தவன் வேறு எவனாவது இருப்பானா?

படியிறங்கும்போது விஜி கேட்டாள். "நீ மேலே சொன்னது நிஜமா?"

"நிஜம்."

"சும்மா புளுகாதே. படிப்பு பிடிக்காதவனா அந்த பிரிஸம் கணக்கை வச்சுண்டு என் உயிரை வாங்கினே?"

வாயால் சொல்லி இதிலிருந்து வெளியே வர முடியாது என்பது மட்டும் அன்றைக்குத் தெளிவாகப் புரிந்தது.

ஜூனில் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு வருஷம் போனது போனதுதான், மறுபடியும் ஜூனியர் பி.எஸ்ஸி., அதுவும் விஜியின் வகுப்பில். சொன்னதும் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் எந்த மூஞ்சியை வச்சுண்டு படியேறுவேன்? அவ்வளவு பேர் முன்னாடி மாலை போட்டுண்டியே."

"வேண்டாம்னுதானே சொன்னேன் அம்மா."

அவள் அதற்கப்புறம் பேசவில்லை. வாலாம்பாள் மாமி ஆள் அனுப்பி ராட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். ஆனால் இரண்டு வருஷமாகப் பேசாத அப்பா வாயைத் திறந்தார். "சர்க்காரை எதிர்த்துண்டு ஆகாதுன்னு இப்பவாவது தெரிஞ்சுண்டியே. சமத்து" என்று முதுகில் தட்டினார். அம்மாவின் மௌனத்தைத் தாங்கிக்கொண்டவனால் அந்தத் தட்டலைத் தாங்க முடியவில்லை.

முதல் நாள் விஜி பத்தடி முன்னால் நடந்தாள். "ஒரு வருஷம் முன்னாடியோ பின்னாடியோ வந்திருக்கப்படாதா? என் கிளாஸ்தான் கிடைச்சுதா? யாராவது கேட்டா உன்னைத் தெரியாதுன்னுடுவேன்" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டாள். வகுப்பு வாசலில் மகாதேவன் அவனைப் பார்த்துத் திகைத்து நின்றான். அப்புறம் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் துணையா இருக்கணும்னு உன் விரதத்தையே விட்டுட்டியா அனந்து?"

அனந்துவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. கையை விடுவித்துக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பையன்கள் இரண்டொருவர் திரும்பிப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். பெண்கள் பெஞ்சில் விஜி முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைத் திறந்தான். முதல் வரி உள்ளே போகவில்லை. அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. மறுபடியும் அதே வரியை ஆரம்பத்திலிருந்து படித்தான்.

பேராசிரியர் வந்து ஆஜர் எடுக்க ஆரம்பித்தார்.

"ஜே. அனந்தகிருஷ்ணன்."

"பிரெஸன்ட், சார்."

இந்த இரண்டு வருஷத்தில் அவன் சொன்ன ஒரு நிஜத்தையாவது யாராவது அப்படியே எடுத்துக்கொண்டதுண்டா? பேராசிரியர் ஏன் என்று கேட்கவில்லை, எதற்காக என்று கேட்கவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை. பேருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். அனந்துவுக்கு அழுகை வந்தது.