கருகல் நாற்றமும் கட்டெறும்பும்

வீட்டில் அவளுக்குக் கட்டெறும்பு என்று பட்டப்பெயர். ஆள் சின்னது, கடி பெரிசு என்று அண்ணன்தான் வைத்தான். அந்த அண்ணனின் டைல்ஸ் கடைக்கு அவள்தான் பிக்கப் வண்டி ஓட்டினாள். கல்யாணத்துக்கு முன்பும் ஓட்டினாள், பின்பும் ஓட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவளுக்கு மூச்சே சீராக வரும். இப்போது அதற்குத்தான் உலை வைக்கப் பார்த்தான் அண்ணன்.

காரணம், ஒரு நாற்றம். லோடு ஏற்றிக்கொண்டு போனால் ரப்பர் கருகுகிற நெடி கேபினுக்குள் குப்பென்று அடித்தது.

“கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறே, கருகாம என்ன செய்யும்?” என்றான் அண்ணன். “நீ கல்லாவுல உக்காரு. மச்சினன் ஓட்டட்டும்.”

மச்சினன் என்றால் அண்ணியின் தம்பி. அவனும் ஒரு லோடு எடுத்துப் போனான். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் திரும்பி வந்தான். அதே நாற்றம். அண்ணன் உடனே, “வண்டி பழசாயிடுச்சு, அவன் பாவம் என்ன பண்ணுவான்?” என்றானே பார்க்கலாம்!

கட்டெறும்புக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. “நான் ஓட்டினா என் காலு, அவன் ஓட்டினா வண்டியா? நல்லாயிருக்கு உன் நியாயம்! என்னன்னு நானே பாக்கறேன். அதுவரைக்கும் ஒருத்தரும் வண்டியைத் தொடக் கூடாது.”

முதலில் காலி வண்டியைக் கடைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏற்றினாள். வேண்டுமென்றே பாதி கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடித்தாள். வேறு நெடி லேசாக வந்தது, இந்த நாற்றம் வரவில்லை. அடுத்து வழக்கமான லோடோடு சமதளத்தில் போனாள். கிளம்பின பிறகு கிளட்சைத் தொடவே இல்லை. ஒரு வேகத்தடை ஏறி இறங்கியதுதான் தாமதம், வந்துவிட்டது சனியன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மோந்தாள். இடது பின்சக்கரத்திலிருந்து வந்தது.

லோடை இறக்காமலே ஓரம் கட்டி, டார்ச்சோடு கீழே படுத்தாள். டயருக்கும் மேலே இருந்த தகரத்துக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. தகரத்தில் பெயின்ட் போய்ப் பளபளவென்று தேய்ந்திருந்தது. டயரின் ஓரம் சீவிவிட்டாற்போல் இருந்தது. உள்ளே பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று இரண்டாக முறிந்து தொங்கியது.

சரி, இடது பக்கம் மட்டும் ஏன்? கடைக்கு வந்து லோடை இறக்கவைத்து, மறுபடி ஏற்றச் சொல்லிக் கைகட்டிப் பார்த்தாள். கிடங்கு வாசல் வண்டிக்கு இடப்பக்கம். ஏற்றுகிறவர்கள் கைக்கு எட்டின இடத்திலேயே பெட்டிகளை அடுக்கிவிட்டுப் போனார்கள். டைல்ஸ் பெட்டி குவிந்து தெரியாது; பாதி வண்டி காலியாகத் தெரியும்போதே பாரம் எகிறிவிடும். அந்தக் காலியிடத்தைப் பார்த்துப் பார்த்து அண்ணன், “இன்னும் கொஞ்சம் போடுங்கப்பா,” என்பான். நாற்றத்தின் மூலம் அவன் வாய்தான்.

ஒர்க்‌ஷாப்பில் புதுப் பட்டை போட்டாள். தேய்ந்த டயருக்குப் பதில் ஸ்டெப்னியை மாட்டினாள். பாரத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் அடுக்கச் சொல்லி அண்ணனுக்கு விளக்கினாள். மறுநாள் காலை வந்து பார்த்தால், பழையபடி இடப்பக்கம் பெட்டி மேல் பெட்டி.

“அண்ணே, இறக்கச் சொல்லு.”

“அதான் பட்டை மாத்தியாச்சுல்ல? கடை யாருதுடி?”

“கடை உன்னுது. டயர் வெடிச்சா உடையப்போற கழுத்து என்னுது.”

“அப்போ சாவியை வச்சுட்டுக் கல்லாவுக்குப் போ.”

கடையே வேடிக்கை பார்த்தது. அவள் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் அழுத்தினாள். “இந்தா. மச்சினன்கிட்ட குடுக்காத. நீ ஏத்தின லோடு, நீயே ஓட்டு. நான் பக்கத்துல வர்றேன்.”

இத்தனை பேர் முன்னால் அண்ணனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

முதல் வேகத்தடை தாண்டியது. ஒன்றுமில்லை. “எங்கடி உன் நாத்தம்?” என்று இளித்தான். கட்டெறும்பு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்சக்கரத்தைப் பார்த்தாள். புதுப் பட்டை தாங்கிவிட்டால் அவள் சொன்னதெல்லாம் பொய்யாகும், கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ண வேண்டியதுதான். பெரிய வளைவில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. கீழே கரகரவென்று ஒரு சத்தம். பிறகு குப்பென்று நெடி.

அண்ணன் கொஞ்ச தூரம் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினான். கண்ணாடியில் புகை தெரிந்ததும் நிறுத்தினான். இறங்கிப் போய் டயரைத் தொட்டு, “ஐயோ!” என்று கையை உதறினான்.

“கடைக்குத் திரும்பிப் போய் இறக்கிக்கலாம்,” என்றான், குரல் இறங்கி.

“இங்கயே இறக்கு.”

“நடு ரோட்டுலயா? பாக்கறவன் சிரிப்பான்டி.”

“சிரிக்கட்டும்.”

இறக்கினான். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. அதிகப்படியான பெட்டிகள் சாலையோரம் இறங்கின, மிச்சத்தை இரண்டு பக்கமும் சமமாக அடுக்கவைத்தாள். அவன் நிமிர்ந்து முகத்தைத் துடைப்பதற்குள் அவள் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

“ஏய், நில்லு! நானும் வர்றேன்!”

“நீ வந்தா இந்தப் பெட்டிக்கெல்லாம் யாரு காவல்? லோடை இறக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்.” கியரைப் போட்டாள். “நாளைக்கும் நான்தான் ஓட்டுவேன், அண்ணே. அவங்க தம்பிக்கு வண்டி இல்லேன்னு வீட்டுல அண்ணிகிட்ட நீயே சொல்லிடு.”