முக்காட்டுக்குள் வெயில்

பாட்டுக்காரி ஒவ்வோர் உறவின் பேராகச் சொல்லச் சொல்ல, சனோபர் இடுப்பை வளைத்துக் குனிந்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலை. புதுமருமகள் முகத்தை மூடிக்கொண்டு புகுந்த வீட்டார் எல்லாரையும் குனிந்து வணங்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. தெர்மெஸ் ஊரில் அது நாற்பது நாள் உச்சவெயில் காலம், நாய்கூட வாய்க்காலை விட்டு வெளியே வராது. உறவுக்காரர்கள் திராட்சைப் பந்தலின் நிழலில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் முற்றத்து நடுவில், ஜரிகை போட்ட வெல்வெட் அங்கியோடு.

பிறந்த வீட்டிலிருந்து கூட வந்த அண்ணி ஹோசியத் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். முதலில் அந்தக் கை வேர்வையில் வழுக்கியது. இப்போது காய்ந்துவிட்டது. அப்பாடா, பழகிக்கொண்டாள் என்று அண்ணிக்கு நிம்மதி. அடுத்த வணக்கத்தில் சனோபர் ரொம்பத் தாழ்ந்து, தள்ளாடி நிமிர்ந்தாள்.

"பாருடி பணிவை. உன் மருமகளும் இருக்காளே, கழுத்துல கம்பு வெச்சுக் கட்டினாப்ல," என்று பந்தலடியில் ஒருத்தி இன்னொருத்தியைச் சீண்டினாள்.

முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணி, கன்னுக்குட்டி அவுந்துக்கிச்சு. அம்மா திட்டும்."

இந்த வீட்டில் கன்று ஏது? ஹோசியத் பந்தல் பக்கம் திரும்பினாள். "அத்தை, இவளை உக்கார வெச்சிரலாம். பேச்சு சரியில்லை."

"இன்னும் ரெண்டே பேருதாம்மா," என்றாள் மாமியார் நோர்பீபி, கெஞ்சலாக. "பாதியில உக்காந்தா ஆகாதும்பாங்க."

ஊர்வாய்க்கு யார்தான் பயப்படவில்லை? ஹோசியத் அவள் முழங்கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசி வணக்கத்துக்குக் குனிந்தவள் நிமிரவில்லை.

முக்காட்டை விலக்கினால் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. தொட்டால் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிச் சூடு. ஹோசியத் தர்பூசணி மிதந்த வாளியைத் தூக்கியதும் நோர்பீபி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சூட்டு உடம்புல பச்சத்தண்ணி ஊத்தாதே, நெஞ்சு நின்னுடும். சூடா டீ குடு." டீ கடைவாயில் வழிந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கடைசியில் மாப்பிள்ளைதான், ஒருவரையும் கேட்காமல், அவளை அள்ளிக்கொண்டு ஓடித் தெருவோர வாய்க்காலில் கிடத்தினான். அங்கியைக் கிழித்தெறிந்து, தலையை மடியில் தாங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரை வாரி வாரி ஊற்றினான்.

"அதனாலதான் உயிர் தங்கிச்சு," என்றார் டாக்டர். "வேர்வை நின்னப்பவே ஊத்தியிருந்தா மூளையும் தப்பிச்சிருக்கும்." ஹோசியத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

பருத்தி வெடிக்கும் சமயத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து புகுந்த வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். சனோபருக்குப் புருஷனையும் தெரியவில்லை, தன் பேரும் தெரியவில்லை. அவளைப் பார்க்க அம்மா வந்தாள், துணியில் முலாம்பழத்தைப் பொதிந்துகொண்டு. கதவு திறந்ததும் சனோபர் தட்டுத்தடுமாறி எழுந்து நின்று, தலையைக் குனிந்தாள்.

"எனக்கு எதுக்குடி குனியறே? நான் உன் அம்மாடி."

மகள் இன்னும் தாழக் குனிந்தாள்.