திட்டி வாங்கிய மடிக்கணினி

வீட்டு நிம்மதியின் விலை எழுபதாயிரம். புது மடிக்கணினிக்கு அக்கா நாற்பத்தைந்து போட்டாள், தம்பி இருபத்தைந்து போட்டான். பகலில் அவள் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவாள், ராத்திரிச் சாப்பாடு முடிந்தபின் அவன் விளையாடுவான் என்று ஒப்பந்தம். பழைய மடிக்கணினி, மாப்பிள்ளை மாலையைத் தூக்கும் இடத்திலேயே உறைந்து நின்று நாலு நாளாகிறது. இந்த வாரக் கடைசிக்குள் வீடியோவைக் கொடுக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் இறங்கியவளுக்கு வந்திருக்கும் முதல் ஆர்டர் அது.

அவர்கள் வீடு பாத்திரக்கடை வீடு. வாங்கப் போகும் பொருளைப் புகழக் கூடாது; புகழ்ந்தால் விலை ஏறும். இது பால் குடிக்கும் வயதிலேயே அப்பா ஊட்டிய பாடம். ஆகவே கடைக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் வஞ்சனை இல்லாமல் எல்லாவற்றையும் திட்டினார்கள்.

"இது என்னடா, அம்மிக்கல்லா?" என்றாள் அக்கா, தடித்த கறுப்பு மடிக்கணினியைத் தூக்கிப் பார்த்து. தனி கிராபிக்ஸ் கார்டு, பதினாறு ஜிபி ராம், பின்னால் இன்னும் ஏற்றிக்கொள்ள இடம். மனசுக்குள் அவள் அதை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். விலை எழுபத்திரண்டு.

"ஃபேன் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்" என்றான் தம்பி.

பக்கத்தில் மெலிந்த வெள்ளை ஒன்று. கிராபிக்ஸ் கார்டு கிடையாது, ஆனால் திரையில் நிறம் சொட்டியது. அக்கா அதன் முன்னால் ஒரு நிமிஷம் திட்ட மறந்து வாய் பிளந்து நின்றாள். நிறத்தைப் பார்க்கிறவளுக்கு அது தொழில் பழக்கம், அவ்வளவுதான்.

"இதையே எடுத்துடலாம்க்கா" என்றான் தம்பி உடனே.

அவளுக்குச் சப்பென்றாகிவிட்டது. பையனுக்கு வெள்ளைதான் பிடித்திருக்கிறது போலும். இருபத்தைந்தாயிரம் போட்டவன் வாயை எப்படி அடைப்பது? "சரிடா" என்றாள். கல்யாண மாப்பிள்ளை இனியும் மாலையோடு நிற்கத்தான் போகிறார்.

பில் போடும் இடத்தில் தம்பி வெள்ளையைத் தடவிக்கொண்டு, "ரொம்ப அழகா இருக்குல்ல? லேசா, சூப்பரா" என்றான்.

அக்கா பர்சை மூடினாள்.

"டேய், நம்ம வீட்ல வாங்குற பொருளை எவனாவது புகழ்ந்திருக்கானா? உண்மையச் சொல்லு. உனக்கு இது வேணுமா?"

"எனக்கெதுக்கு இது? இதுல கேம் போட்டா படம் படமா நகரும். நீதான் வாயப் பொளந்துட்டு நின்ன!"

"நான் நிறத்தைப் பாத்தேன்டா, மடையா! எனக்கு அந்த அம்மிக்கல்தான் வேணும்."

"எனக்கும் அதுதான்!"

கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். பிடிக்காதவங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீங்க அந்தக் கறுப்பை மட்டும் கால் மணி நேரம் திட்டினீங்க. எழுபத்திரண்டு, குறையாது."

குட்டு உடைந்தபின் பேரம் எங்கே? இருந்தாலும் பாத்திரக்கடை ரத்தம் சும்மா விடுமா? அக்கா நிமிர்ந்தாள். "உங்க கடைக்கு வீடியோ யாரு பண்றாங்க?"

"எங்க தம்பி. தலையில்லாம மனுஷங்களை எடுப்பான்."

"ஒரு நிமிஷ வீடியோ நான் போட்டுத் தரேன். ரெண்டாயிரத்தைக் கழிச்சுக்குங்க."

கடைக்காரப் பெண் பில்லில் ரெண்டாயிரத்தைக் கழித்தாள். "சரி. ஆனா ஒண்ணு, குரல் உங்க ரெண்டு பேரோடதுதான். எங்க சாமானை வாய் நிறையப் புகழணும்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதைவிட ரெண்டாயிரமே கொடுத்துவிடலாம் போலிருந்தது; கையில்தான் இல்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை மாலையைப் போட்டுவிட்டார். தம்பி காத்திருந்து தன் முறைக்கு உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுக்காரர் இதுவரை வரவில்லை.

ரொக்கம் எழுபதாயிரம், கொடுத்தாயிற்று. கையிருப்பு ஒன்றுமில்லை. கடைக்குப் பாக்கி: ஒரு நிமிடப் புகழ்ச்சி.