மேட்டு நிறுத்தத்தில் ஒரு மின்சாரப் பேருந்து

புது மின்சாரப் பேருந்துக்குப் போட்டிருந்த மாலைகளைச் சுமந்தே பாதி பேட்டரி தீர்ந்திருக்கும். விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களை ஏற்றிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஓட்டுநர் அக்காவுக்கு உத்தரவு அவ்வளவுதான்.

அக்கா குடியிருப்பது மேட்டுக் குடியிருப்பில். மின்சார வண்டி வருகிறதென்று சொல்லி, அங்கே போன டீசல் பேருந்தை நிறுத்தி ஒரு வருடமாகிறது. மேட்டு நிறுத்தத்தில் சார்ஜர் வைத்தால்தான் புது வண்டி ஏறும். அந்த இடம் எங்களுடையது என்றது மாநகராட்சி. எங்களுடையது என்றது மின்துறை. இரண்டும் மாறி மாறிக் கடிதம் எழுதியே ஒரு காட்டை மொட்டையடித்துவிட்டன. பஸ் ஓட்டுகிறவள் வீட்டுக்கே பஸ் இல்லையாம் என்று, சந்தைப் பையோடு மூச்சு வாங்க மேடு ஏறும் மாமியார் தெருவுக்கே ஒலிபரப்புவார்.

மைதான வாசலில் அக்கா ஸ்டியரிங்கை மேட்டுச் சாலைப் பக்கம் ஒடித்தாள்.

சத்தமே போடாத வண்டி, ஏசி வேறு. பின்னால் யாருக்கும் உறைக்கவில்லை. முதல் வளைவில் மாநகராட்சி ஆணையர் மின்துறைத் தலைவரின் மடியில் போய் விழுந்தார். ஒரு வருடமாகக் கடிதத்தில் மட்டும் முட்டிக்கொண்டவர்கள் அன்றுதான் முகத்தோடு முகம் பார்த்தார்கள். திருப்பச் சொல்லிக் கத்தினார்கள். திருப்ப இடமில்லை என்று அக்கா பணிவாகச் சொன்னாள். அது உண்மையும்கூட.

மேட்டு நிறுத்தத்துக்கு வந்ததும் பேட்டரி கையை விரித்தது. வருடக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள்கூட எழுந்து ஓடி வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உன் வேலை இன்னையோட போச்சு, தெரியுதா?" என்றார் ஆணையர்.

"போகட்டும் சார். வண்டிதான் போகாது, சார்ஜ் இல்ல. இடத்துக்காரங்கதான் இதை இங்கேருந்து எடுக்கணும். யார் சார் இடத்துக்காரங்க?"

ஆணையர் தலைவரைக் காட்டினார். தலைவர் ஆணையரைக் காட்டினார். சிரிப்பில் மேடே ஒரு அடி கீழே இறங்கியது.

"ரெண்டு பேருக்கும் வேணாமா? அப்ப எங்களுக்குத்தான். சார்ஜர் வைக்க நாங்க சம்மதிச்சாச்சு" என்றாள் அக்கா.

கூட்டம் மொத்தமும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தது. இழுவை வண்டி வந்தால் எங்களையும் சேர்த்து இழுக்கட்டும் என்றது.

அக்கா தன் அடையாள அட்டையைக் கழற்றி ஆணையர் கையில் வைத்தாள். அவர் சாவிக்கும் கையை நீட்டினார்.

"அது சார்ஜர் வந்தப்புறம் சார்" என்றாள்.