இயந்திரத்துக்குக் கேட்காத குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நார்மன் கிரிம்ஷா துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, "இழு!" என்றார். ஒன்றும் பறக்கவில்லை.

களிமண் புறா என்று பேர் வைத்து, வானில் வீசப்படும் தட்டைச் சுடுகிறவர்கள் எல்லோரும் "இழு" என்றுதான் கத்துவார்கள். ஒரு காலத்தில் பள்ளத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கயிற்றை இழுப்பான், தட்டு பறக்கும். இப்போது கயிறும் இல்லை, ஆளும் இல்லை. நிற்கிற இடத்துக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு மைக் இருக்கிறது. அதில் சத்தம் விழுந்தால் இயந்திரம் ஓர் ஆரஞ்சு நிறத் தட்டை வீசி எறியும். என்ன சொல் என்று அது பார்ப்பதில்லை. தும்மினாலும் வீசும். போன மாதம் ஆல்பன் பிரைஸின் நாய் இரண்டு தரம் குரைத்து இரண்டு தட்டுகளை வாங்கிவிட்டது. அந்த நாய்க்குக் கிடைத்த மரியாதைகூட நார்மனுக்குக் கிடைக்கவில்லை.

"இழு!" என்றார் மறுபடியும். தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

"என்னய்யா நார்மன், அதுகிட்ட ரகசியமா சொல்றே?" என்றார் அணித் தலைவர் கெய்த் ஸ்லேட்டர்.

"கால்ல விழுந்து கேளு. ஒருவேளை மனசு இரங்கும்" என்றார் ஆல்பன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நார்மனும் சிரித்தார்.

கெய்த் போய் மைக் அருகில் கை தட்டினார். தட்டு சட்டென்று பறந்தது. ஆக, கோளாறு இயந்திரத்தில் இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் நார்மன் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டியிருந்தது. கத்தினால் தலை தூக்கும், தலை தூக்கினால் குறி தப்பும். இருபத்தைந்தில் பதினாறுதான் உடைந்தது. ஐம்பது வருஷமாகச் சுடுகிற மனிதர், அவமானமாக இருந்தது.

திரும்பும்போது கெய்த் அவர் தோளில் கை போட்டார். "அடுத்த ஞாயிறு மேட்ச் ஆரம்பிக்குதுப்பா. முதல்ல போய் தொண்டைய டாக்டர்கிட்ட காட்டு. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு போன் அடி. குரல் சரியாயிருந்தா நீ. இல்லேன்னா இந்த வருஷம் ஆல்பன் நிக்கட்டும். மனசுல வச்சுக்காதே."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எப்படி? வெளியூர் மேட்ச் என்றால் கெய்த்தின் வேனில் போக வேண்டும். ஐந்து பேர், துப்பாக்கிப் பெட்டிகள், பன்றி இறைச்சி வைத்த ரொட்டிகள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், ஒருத்தர் வாயும் ஓயாது. செப்டம்பர் வரைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் அது உண்டு. அணியில் இல்லாதவனுக்கு வேனில் இடமில்லை. நார்மனுக்குக் கோப்பையெல்லாம் பெரிதில்லை. அந்த வேன்தான் வேண்டும்.

டாக்டரிடம் அவர் போகவில்லை. தொண்டைக்கு என்ன வந்தது என்று அவருக்கே தெரியும். மனைவி டோரீன் இறந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அழைப்பான். பஸ்ஸில் அட்டையைக் காட்டினால் போதும். கடையிலும் இப்போது இயந்திரம்தான் பில் போடுகிறது. அது மட்டும் மூச்சுவிடாமல் பேசும், நாம் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காது. ஒரு மனிதன் திங்களிலிருந்து சனி வரை வாயைத் திறக்காமலே மரியாதையாக வாழ்ந்துவிடலாம். நார்மன் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். பூட்டியே கிடக்கிற கதவு மாதிரி குரல் துருப்பிடித்துவிட்டது.

ஆகஸ்டு வரைக்கும் இப்படியில்லை. பக்கத்து வீட்டு வினிஃப்ரெட் ஹேவர்ஸ் இருந்தார். கணவர் இறந்தபின் கோவென்ட்ரியிலிருந்து வந்து குடியேறியவர். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே. தினம் காலையில் அவர் புறாக்களுக்குத் தானியம் போட வருவார், நார்மன் வேலிப்பக்கம் வருவார், அரை மணி நேரம் பேச்சு ஓடும். ஒரு ஞாயிறு மாலை அந்த அம்மாள், "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

"பிரமாதம்! இருபத்தி நாலு கொன்னேன். ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சிருச்சு."

"என்னத்த?"

"புறாவத்தான்."

"செத்ததையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்த நார்மன் உற்சாகமாக, "அப்படியே வயல்ல கிடக்கும். அப்புறமா டிராக்டர் வந்து உழுதுட்டுப் போயிரும்" என்றார்.

வினிஃப்ரெட் தானியக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர்தான். ஏழு மாதம் ஆகிறது.

ஏன் என்று நார்மனுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் எனக்கும் புரிகிறது. ஆனால் ஐம்பது வருஷமாகத் தட்டு உடைந்தால் "கொன்னாச்சு", உடையாவிட்டால் "போச்சு" என்று கேட்டே பழகிய காதுக்கு அதில் சாவே கேட்பதில்லை. குப்பைத் தொட்டியை அவர் வாசலில் வைத்ததற்குக் கோபமோ என்று இடம் மாற்றினார். வேலியை வெட்டி ஒழுங்குபடுத்தினார். மறுநாள் அந்த அம்மாளின் ஜன்னலில் திரை இழுத்து மூடியிருந்தது. அன்றைக்கு அவருக்கு அழுகை வந்தது. எழுபத்தொரு வயதில் ஒரு ஜன்னல் திரைக்கு அழுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் முன்னறையில் நின்று பயிற்சியை ஆரம்பித்தார். துப்பாக்கி அலமாரியில் பூட்டியிருந்தது. குடையைத் தோளில் வைத்துக்கொண்டு, "இழு!" என்றார். வெந்நீர் குடித்தார். "இழு!" மூன்றாவதில் கொஞ்சம் உயிர் வந்தது. பத்தாவதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சந்தோஷம் தாங்காமல் கத்திக்கொண்டே போனார். "இழு! இழு! இழு!"

கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள்.

திறந்தால் வினிஃப்ரெட். ஏப்ரனோடு மூச்சு வாங்க நின்றார். கையில் கார் கட்டி இழுக்கிற தடித்த நீலக் கயிறு.

"குளிக்கிற தொட்டியில மாட்டிக்கிட்டீங்கன்னு நினைச்சேன்!" என்றார்.

நார்மன் தோளில் குடையோடு விழித்தார். "இல்லை... நாளைக்கு மேட்ச். கத்திப் பழகறேன்."

"ஓஹோ, புறா கொல்லப் போறீங்களா! அதுக்கு ஒத்திகை வேறயா! இது தெரிஞ்சிருந்தா தொட்டியிலயே கிடங்கன்னு விட்டிருப்பேன்." திரும்பிவிட்டார்.

"மிசஸ் ஹேவர்ஸ், நில்லுங்க, நில்லுங்க!" நார்மன் உள்ளே ஓடி ஓர் ஆரஞ்சுத் தட்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். "இதான் புறா."

அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆஷ்ட்ரே."

"இதைத்தான் சுடறோம். உடைஞ்சா கொன்னாச்சுன்னு சொல்வோம்."

"இந்தக் களிமண்ணையா?"

"களிமண்ணும் இல்லைங்க. சுண்ணாம்புக்கல்லும் தாரும்."

"களிமண்ணும் இல்ல, புறாவும் இல்ல. அப்புறம் எதுக்குய்யா களிமண் புறா?"

"அந்தக் காலத்துல நிஜப் புறாவத்தான் பறக்க விட்டாங்க..." என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நார்மன் வாயை மூடிக்கொண்டார்.

வினிஃப்ரெட் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏழு மாசம்," என்றார். "ஏழு மாசமா உங்க மேல கோவமா இருந்திருக்கேன். காலைல எழுந்ததும் எனக்கு வேற வேலையே இல்ல. சின்னதா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?" குரல் நடுவில் உடைந்தது, இருமினார். "பாருங்க இதை. செவ்வாய்க்கிழமை டாக்டர் ஆபீஸுக்கு போன் பண்ணினேன். அந்தப் பொண்ணு, 'கொஞ்சம் சத்தமா பேசுங்க, சார்'னு சொல்லுது. சாராம்!"

அப்போதுதான் நார்மன் அந்தக் குரலைக் கவனித்தார். கதவு திறந்ததிலிருந்தே அது அப்படித்தான் இருந்தது. தகரத்தில் ஆணி. சுவருக்கு அந்தப் பக்கமும் பேச ஆளில்லாமல்தான் நாட்கள் போயிருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்தது. "உள்ள வாங்க, டீ போடறேன்" என்றார்.

மூன்று மணிக்கு உட்கார்ந்தார்கள். கோவென்ட்ரியில் இருக்கிற வினிஃப்ரெட்டின் தங்கை, அவள் புருஷனின் விக், தெருமுனையில் யாரும் உட்காராத பெஞ்சு எல்லாம் பேச்சில் வந்தன. இரண்டாவது தடவை டீ போட்டபோதே நார்மனின் தொண்டையில் கரகரப்பு. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு படுத்தால் காலையில் குரல் தேறிவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். எழுந்து நின்றும்விட்டார்.

"உங்க டோரீன் எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டார் வினிஃப்ரெட்.

ஆறு வருஷத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. எப்படிப் போனார் என்று கேட்டிருக்கிறார்கள், எப்படி இருந்தார் என்று கேட்டதில்லை. நார்மன் உட்கார்ந்தார். டோரீன் சர்ச்சில் தப்புத் தப்பாகப் பாடியதையும், காரை வாய்க்காலில் விட்டுவிட்டு அவர்மேல் பழி போட்டதையும், ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது ஒரு வறுத்த மீன் என்பதையும் சொன்னார். தொண்டை எரிந்தது. நிறுத்தவில்லை. சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்து காற்றாகிக்கொண்டிருந்தது, வினிஃப்ரெட் நாற்காலியை நகர்த்திக் கிட்டே வந்தார்.

ஆறு மணிக்குக் கூடத்துக்குப் போய் கெய்த்துக்குப் போன் செய்தார்.

"யாருங்க? ஹலோ, யாரு? நார்மனா? அட கடவுளே, போன வாரத்துக்கு இது ரொம்ப மோசமாயிருக்கே! டாக்டர் என்னப்பா சொன்னார்?"

"ஆல்பனக் கூட்டிட்டுப் போ" என்றார் நார்மன்.

"ஒண்ணும் கேக்கல! என்ன பண்ணித் தொலைச்சே அந்தத் தொண்டைய?"

நார்மன் போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பேசிட்டிருந்தேன்" என்றார்.